ஆறு பூச்சு

நாலு நாளாக ஜீப் கொட்டகையை விட்டு அசையவில்லை. கூரை ஒழுகவில்லை, தரையும் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் வண்டியின் அடிவயிற்றிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. கிளாட்வின் அதைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அதே இடத்தில் இன்னொன்று.

வெதுருகுப்பத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மத்தியானமே விளக்குப் போட வேண்டும். பூட்டு, கீல், கதவுக் கொக்கி, இரும்பென்று இருப்பதெல்லாம் வியர்த்துக்கொண்டே இருக்கும். அப்பா விட்டுப்போன அந்தப் பழைய ஜீப்பைத் துரு தின்னாமல் காத்துவந்தவன் அண்ணன் தனராஜ்தான். கடந்த ஆறு வருஷமாக, மழைக்கு முன்னால் திருப்பதியிலிருந்து தார் பெயின்ட் டின்னோடு வருவான். பழையதைச் சுரண்டமாட்டான். அதன் மேலேயே கனமாகப் பூசிவிட்டுப் போவான். வேறு யாரையும் அடியில் படுக்க விட்டதில்லை.

இந்த வருஷம் அவன் வரவில்லை. கிளாட்வின் தானே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றியபிறகுதான் போன் செய்தான்.

"துருத் தண்ணி சொட்டிக்கினே இருக்குது அண்ணா. நானே சுரண்டிப் பூசிடறேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்தோடு பஸ் ஹாரன் கேட்டது.

"கை வெக்காதடா. நான் வந்துகினு இருக்கேன்."

அதற்குள் கிளாட்வின் டார்ச்சும் சுரண்டியுமாக அடியில் புகுந்துவிட்டான். மண்ணெண்ணெய், சேறு, பழைய ஆயில். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு வாடை, ஈரம் உலராமல் முடிந்துவைத்த தலைமுடியின் வாடை. முதல் பூச்சு தோல்போல உரிந்து வந்தது. கீழே செம்பழுப்பாகத் துரு, ஒரு உள்ளங்கை அளவுக்கு. உள்ளங்கை வடிவத்திலும்.

அவன் இன்னும் சுரண்டினான். அடுத்த பூச்சின் கீழேயும் அதே கை. அதற்கடுத்ததிலும். ஆறு பூச்சு, ஆறு கை. எல்லாவற்றிலும் மோதிர விரலில் நுனி இல்லை.

கரும்பு மெஷினில் விரல் நுனியைப் பறிகொடுத்தவள் அவன் மனைவி எலிசா. ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் இருந்த அவள் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டாள். திருப்பதி ஸ்டேஷனில் விட்டு வருகிறேன் என்று இதே ஜீப்பில் அழைத்துப் போனவன் தனராஜ். ராத்திரி தனியாகத் திரும்பினான். "எவனோ ஒருத்தன் அவளுக்காகக் காத்துக்கினு இருந்தான்டா. ரெண்டு பேரும் ரயிலேறிப் போய்ட்டாங்க," என்றான். பிறகு தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அந்த அழுகையை கிளாட்வின் நம்பினான். சபையில் தலைகுனிந்து நின்றான். ஆறு வருஷம், ஒவ்வொரு ஜெபத்திலும், அவளைச் சபித்தான்.

கடைசிப் பூச்சு உரிந்த இடத்தில் டார்ச்சைக் காட்டினான். போல்ட் இடுக்கில் நீலப் புடவைத் துணி. அதில் சுற்றிக்கொண்டு நீளமாக முடி.

கொட்டகை வாசலில் சேற்றுக் கால்கள் வந்து நின்றன. பக்கத்தில் ஒரு டின்.

"சுரண்டிட்டியா?" என்றான் தனராஜ். குரலில் கோபம் இல்லை.

"அண்ணா..."

"நான்தான் கை வெக்காதேன்னு சொன்னேனே."

ஜாக்கியின் கைப்பிடி கிரீச்சிட்டது. ஒரு சுற்று. இன்னொன்று. இரும்பு இறங்கியது. கிளாட்வின் நகரப் பார்த்தான். தோள் சிக்கிக்கொண்டது. டார்ச் உருண்டது. அவன் முகத்துக்கு நேர் மேலே அந்தக் கை. ஒரு சாண். நாலு விரற்கடை. ஒன்று.

அது அவன் கன்னத்தில் படிந்தது. துருவின் சொரசொரப்பு இல்லை. மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. மெல்ல, ஒவ்வொரு விரலாக, மடங்கியது.