ஒரு முகம் மட்டும்

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஞானசேகரன் வந்து சேர்ந்தபோது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்தான். ஆனாலும் வானம் கறுத்துக் கிடந்தது. கீழே காய்கறிக் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். லிஃப்டுக்குள் ஈரக் குடை நாற்றம்.

சித்தி வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று பூன் லே வீட்டில் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். பச்சைப் பொய். அவன் வந்தது செத்துப்போன சித்தியின் கைப்பேசியைத் தேடி. சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம் நெரிந்தபோதே, அழுகிற மாதிரி அழுதுகொண்டு, தலையணைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் துழாவிப் பார்த்துவிட்டான். கிடைக்கவில்லை.

இன்று கிடைத்தே ஆக வேண்டும். சித்தியின் வைப்புத் தொகை இன்றுதான் முதிர்ந்து கணக்கில் விழுந்திருக்கும். நாளைக் காலையில் அவன் தங்கை வைஷாலி இறப்புச் சான்றிதழோடு பேங்குக்குப் போகிறாள். போனால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதற்குள் வழித்தெடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கவலை.

சித்தி பூவம்மாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. சித்தப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பூக்கடை வரிசையில் ஆயுசு முழுக்க மாலை கட்டிச் சேர்த்த காசு பேங்கில் இருந்தது. பாஸ்புக் இருந்தவரை அவரே வரிசையில் நின்று பதிந்துகொண்டு வருவார். இனிமேல் எல்லாம் கைப்பேசியில்தான் என்று ஆனதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காள் மகன் ஞானம் இருக்க என்ன கவலை என்று அவனைக் கூப்பிட்டார்.

அவனும் வந்தான். மகராசன்!

கைப்பேசி அவர் கைரேகையை ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், எதை வைத்தாலும் முடியாது என்றது. வருஷக்கணக்காக நார் உரசி உரசி விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது.

"உங்க விரல்ல ரேகையே இல்லையே சித்தி."

"அதெல்லாம் பூவோட போச்சுடா. உன் விரலையே வச்சுக்க. நீ வேற, நான் வேறயா?"

அந்த ஒரு வார்த்தை போதும், அவர் நல்ல மனசுக்கு. அவன் தன் கட்டை விரலைப் பதிந்தான். இனி சித்தியின் காசு அவன் விரலுக்குத்தான் திறக்கும். பங்குச் சந்தை ஆப் ஒன்றில் அவன் கைசுட்டுக்கொண்டிருந்த காலம் அது. முதலில் கொஞ்சம் எடுத்தான். பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு முறை தன் கணக்குக்கு அனுப்பும்போதும் குறிப்பு என்ற கட்டத்தில் 'மருந்து' என்று எழுதினான். நாளைக்கு யாராவது கேட்டால் சித்திக்கு மருந்து வாங்கினேன் என்று சொல்லிவிடலாம் அல்லவா! அனுப்பும் வரம்பைக் கூட்ட வேண்டும், முகத்தைக் காட்டு என்று ஆப் கேட்டபோது, கைப்பேசியைச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தான். "வைஷாலி மகன் வீடியோல பாக்குறான் சித்தி, கண்ண சிமிட்டுங்க." அவர் சிரித்துக்கொண்டே சிமிட்டினார். பேரன் முகம் தெரியலையேடா என்று கேட்டதற்கு, லைன் கட்டாகிவிட்டது என்றான்.

மாதா மாதம் சித்தி கேட்பார். "எவ்ளோடா இருக்கு ஞானம்?"

"காசு இல்ல சித்தி. தீந்துபோச்சு." நா கூசாமல் சொல்லுவான்.

இப்போது அவன் சித்தி வீட்டு வாசலில் சாவியை எடுத்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முனீரா, சித்தியின் முப்பது வருஷத்து அண்டை வீட்டுக்காரர், தலைத்துணியைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்தார். சித்தி கீழே விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"தம்பியா? நல்லதா போச்சு. உள்ள போன் ஒண்ணு டிங் டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு லா. எடுத்துட்டுப் போங்க."

"சார்ஜ் எப்பவோ தீந்திருக்குமே முனீராக்கா."

"எனக்கென்ன தெரியும்? கேக்குது, சொன்னேன்." அவர் கதவை மூடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பூவக்கா பிரஷர் மாத்திரைய கத்தியால பாதியா வெட்டி வெட்டிச் சாப்பிட்டாங்க, தெரியுமா? டக்கு டக்குன்னு இங்க வரைக்கும் கேக்கும். நான் வாங்கித் தர்றேன்னு சொன்னா கோவம் வந்துரும். கவர்மெண்ட் பாலிகிளினிக்ல கேட்டா குறைச்சுக் குடுப்பாங்க, அதுவும் மாட்டாங்க. யார்கிட்டயும் கை நீட்டுற ஆளா அவங்க? பேங்க்ல காசு தீந்துருச்சாம், ஞானம் பாத்துச் சொன்னான்னாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் திருப்பினான்.

உள்ளே இருட்டு. விளக்கு எரியாது, காரியம் முடிந்த மறுநாளே மின்சாரக் கணக்கை மூடியவன் அவனேதான். வீண் செலவு எதற்கு என்ற நல்லெண்ணம். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டத் தொடங்கியது. சித்தி எப்போதும் பூசும் கோடாலித் தைலத்தின் காட்டமான வாடை வந்தது. கூடவே வாடிப்போன மல்லிகையின் நாற்றம், வாளித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறிய பூவின் நாற்றம்.

டிங்.

சமையலறையிலிருந்து.

மேடையில், மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், கைப்பேசி வெளிச்சமாக இருந்தது. சார்ஜர் சுவரில் செருகியிருந்தது. மின்சாரம் இல்லாத சுவரில். முழு சார்ஜ் என்று காட்டியது.

அவன் ஓரடி பின்வாங்கினான். ஆனால் பேராசை பயத்தைவிடப் பெரிய பேய் ஆயிற்றே. எடுத்தான். கட்டை விரலை வைத்தான்.

அடையாளம் தெரியவில்லை என்றது திரை.

சட்டையில் விரலைத் துடைத்து மறுபடி வைத்தான். தெரியவில்லை. ஊதிவிட்டு வைத்தான். தெரியவில்லை. மழை ஈரம்தான் காரணம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, தான் வைத்த இரகசிய எண்ணையே தட்டினான். கணக்கு திறந்தது. தொகை விழுந்திருந்தது. அவன் நினைத்ததைவிட அதிகம். பயம் போன இடம் தெரியவில்லை அவனுக்கு. முழுத் தொகையையும் தன் பெயருக்குப் போட்டான். பழக்கதோஷம், குறிப்பில் 'மருந்து' என்றும் எழுதினான். அனுப்பு என்பதை அழுத்தினான்.

முகத்தைக் காட்டவும்.

திரையில் முட்டை வடிவத்தில் ஒரு வளையம். அதற்குள் அவன் முகமே தெரிந்தது, வியர்த்துப்போய். இது நடக்காது, சித்தியின் முகம்தான் வேண்டும், அந்த முகத்தை எரித்தாயிற்று. சனியன் என்று முணுமுணுத்து மூடப்போனான்.

வளையம் சிவப்பானது.

ஒரு முகம் மட்டும் தெரியவேண்டும்.

அவன் வாசித்தான். மறுபடி வாசித்தான்.

திரையில் அவன் முகம் மட்டும்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் இருட்டு. தோளுக்கு மேலே, இருட்டுக்குள், எதையோ தேடுகிற மாதிரி ஒரு சின்னச் சதுரம் தானாக வரைந்துகொண்டு நின்றது. ஒரு ஆள் முகம் இருக்கவேண்டிய உயரத்தில். சித்தி அவன் காது உயரம்தான்.

தைல வாடை பிடரியில் சூடாக அடித்தது.

கண்ணைச் சிமிட்டவும்.

அவன் சிமிட்டவில்லை. சிமிட்ட முடியவில்லை. இமை இரண்டும் விறைத்து நின்றன.

பச்சை விழுந்தது. சரிபார்த்தாயிற்று. நன்றி, பூவம்மா.

டிங்.

இந்த முறை சத்தம் அவன் சட்டைப் பையிலிருந்து வந்தது. அவனுடைய சொந்தக் கைப்பேசி. வெளியே எடுத்துப் பார்த்தான். அவன் கணக்கிலிருந்து பூவம்மாவின் கணக்குக்குப் பணம் போயிருந்தது. குறிப்பு: மருந்து.

"என்னது இது..."

டக்.

பின்னால், இருட்டில், தட்டின் மேல் கத்தி வைக்கும் சத்தம்.

டிங். மருந்து.

டக்.

டிங். மருந்து.

நிறுத்த வேண்டும், பேங்க் ஆப்பைத் திறந்து நிறுத்த வேண்டும்! தன் கைப்பேசியில் கட்டை விரலை அழுத்தினான். அடையாளம் தெரியவில்லை. அவன் சொந்தப் போன், அவன் சொந்த விரல்! ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

விரல் நுனி வழவழவென்று இருந்தது.

ரேகை என்று ஒன்று இல்லவே இல்லை. நுனியில் மெல்லிய பச்சைக் கறை, பூக்காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் படிந்த மாதிரி.

எண்களைத் தட்டித் திறப்பதற்குள் டக், டிங், டக், டிங் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, பழக்கமான கை நிதானமாக வேலை செய்கிற மாதிரி. அவசரமே இல்லை அந்தச் சத்தத்துக்கு. திறந்து பார்த்தபோது மீதி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. கத்திச் சத்தமும் நின்றது.

சித்தியின் கைப்பேசியைப் போட்டுவிட்டு ஓடினான். செருப்பு ஒன்று கழன்றது; எடுக்கவில்லை. வாசலில் முனீரா நின்றார்.

"என்ன தம்பி, பேய் அறைஞ்ச மாதிரி ஓடுறீங்க? கதவ சாத்துங்க லா. உள்ள யாரு, கூட யாரும் வந்தாங்களா?"

அவன் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

மறுநாள் பேங்க் திறந்ததும் போய் நின்றான். யாரோ இணையத் திருடன் வேலை, பணத்தை மீட்டுக் கொடுங்கள் என்று கத்துவதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தான். உள்ளே மேசைக்கு இந்தப் பக்கம் வைஷாலி உட்கார்ந்திருந்தாள். கையில் சான்றிதழ். எதிரே திவ்யதர்ஷினி என்ற அதிகாரி, சின்னப் பெண், கணினித் திரையைத் தங்கையின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவன் புகாரைக் கொட்டியதும் அதிகாரி அவன் கணக்கையும் திறந்து பார்த்தாள்.

"சார், உங்க ட்ரான்ஸ்ஃபர் எல்லாமே உங்க விரல் வச்சுத்தான் போயிருக்கு. ஹேக் மாதிரி தெரியல." அந்தப் பெண் தயங்கினாள். "அதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷமா, அவங்க அக்கவுண்ட்லேருந்து உங்களுக்கு வந்ததும் அப்படித்தான். எல்லாத்துக்கும் ஒரே குறிப்பு."

திரை முழுக்க மருந்து, மருந்து, மருந்து.

வைஷாலி அவனைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"மருந்து வாங்கிக் குடுத்தியாண்ணா? முனீராக்கா நேத்து என்கிட்ட எல்லாம் சொன்னாங்க. பாதி மாத்திரையச் சாப்ட்டு செத்தாங்கண்ணா சித்தி. நம்மள வளத்தவங்க."

அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவே இல்லை. மனைவிக்கு விஷயம் எட்டியது; அவளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சித்தியின் கணக்கை மூடிவிட்டதாகப் பேங்க் கடிதம் போட்டது. அது மூடினால் என்ன? மாதம் பிறந்து சம்பளம் விழுந்த நிமிஷமே டிங் என்று கேட்கும். மூடிய கணக்கு ஒன்று பணத்தை எப்படி வாங்குகிறது என்று பேங்குக்கும் புரியவில்லை. வேறு பேங்கில் கணக்குத் திறந்து பார்த்தான். அங்கேயும் அதே குறிப்பு.

அவனுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் காலையில் மாத்திரை டப்பாவைத் திறந்தான். எல்லா மாத்திரையும் பாதிப் பாதியாக இருந்தது. நேர் கோட்டில், துளிப் பொடி உதிராமல், கை தேர்ந்தவர் வெட்டிய மாதிரி. மறு பாதிகள் எங்கே என்று வீடு முழுக்கத் தேடினான். இல்லை. புதிதாக வாங்கிய அட்டையைப் பிரித்தான். அதற்குள்ளும் பாதிதான்.

கால் வீங்கத் தொடங்கியது. கண் மங்கியது. ஒரு மத்தியானம், வேலையிடத்து மாணிக்கத்திடம் கை நீட்டிக் கேட்ட கடனை, ரொக்கம் இல்லை என்று அவர் சொன்னதால் கணக்கில் போடச் சொல்லிவிட்டு, அது பறிபோவதற்குள் மருந்து வாங்கிவிட வேண்டும் என்று கிளினிக்குக்கு ஓடினான். மருந்துப் பையை முன்னால் வைத்துவிட்டு, கட்டணத்தைக் கைப்பேசியில் கட்டுங்கள் என்றாள் கவுண்டர் பெண்.

விரலை வைத்தான். அடையாளம் தெரியவில்லை.

முகத்தைக் காட்டவும்.

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். குளிரூட்டியின் காற்றில் கோடாலித் தைலம் மணத்தது. அவன் கைப்பேசியை மெதுவாக உயர்த்தினான். வளையத்துக்குள் அவன் முகம் வந்தது. வளையம் சிவந்தது.

ஒரு முகம் மட்டும் தெரியவேண்டும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியம் அவனுக்கு என்றைக்கோ போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்.

"சித்தி... எவ்ளோ இருக்கு சித்தி?"

காதுக்குப் பக்கத்தில், பூ கட்டும்போது பல்லில் நாரைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல், அன்பாகவே சொன்னது.

"காசு இல்லடா ஞானம். தீந்துபோச்சு."

கவுண்டர் பெண் மருந்துப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்து நீங்களா, ஆன்ட்டி?"