ஐந்தாவது ஒயர்

சாலவாக்கம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய இ-சேவை மையத்துக்குள் செங்கேணி நுழைந்தபோது மணி மூன்று. வெளியே விடாத மழை. மையத்தை நடத்தும் சுகிர்தா இன்னும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

"பொண்ணு, உசுரோடதான் கீறேன்னு ரேகை வெக்கணுமாமே. இன்னைக்கு வுட்டா பென்ஷன் நின்னுடுமாம்."

"உட்காருங்கக்கா."

மேஜையில் இருந்தது, ஒயர்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நாலு துளை யு.எஸ்.பி. ஹப். கருவிகளோ ஐந்து. ஒன்றைச் செருக ஒன்றைப் பிடுங்க வேண்டும். போன வருஷம் இதே மழையில் செங்கேணியின் புருஷன் எல்லப்பன் வந்தபோது, பிடுங்கிக் கிடந்தது ரேகைக் கருவி. மாற்றிச் செருகச் சலித்துக்கொண்டு, "சர்வர் இல்லப்பா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டாள் சுகிர்தா. பஸ் வருவதற்குள் ஸ்டாப்பிலேயே அவர் சாய்ந்து உயிரை விட்டார்.

அது பொய் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னைக்காவது உன் சர்வர் உசுரோட கீதா, செத்துப்போச்சா?" என்று சிரித்தாள் செங்கேணி.

சுகிர்தாவால் சிரிக்க முடியவில்லை. பிரிண்டரைப் பிடுங்கி ரேகைக் கருவியைச் செருகினாள். நாற்று நட்டுத் தேய்ந்த விரல் பதியவில்லை. துடைத்தாள்; எண்ணெய் தடவினாள். ஹப்புக்குக் கரண்ட் போதவில்லையோ என்று மற்ற மூன்றையும் பிடுங்கினாள். எட்டு முறை வைத்தும் பலனில்லை. சோர்ந்துபோய் ரேகைக் கருவியையும் பிடுங்கிப் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு..."

கருவி சிவப்பாக எரிந்தது.

அதன் ஒயர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேற்று வாடை. பீடி வாடை.

திரையில் எழுத்துகள் வந்தன: எல்லப்பன். ரேகை பதிந்தது. உயிருடன் உள்ளார்.

கருவியின் கண்ணாடியில் ஈரமாய் ஒரு கட்டைவிரல் தடம். குறுக்கே வெட்டுத் தழும்பு.

செங்கேணி குனிந்து பார்த்தாள்.

"கதிர் அறுக்கச் சொல்லோ வெட்டிக்கினது," என்றாள் மெல்ல. "அந்தாளு கைதான்."

"அன்னைக்கு சர்வர் இருந்துச்சுக்கா," என்றாள் சுகிர்தா. "நான்தான்..."

செங்கேணி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னுத மொதல்ல முடிச்சுக் குடு."

சுகிர்தா ஒயரைச் செருகினாள். முதல் தொடுதலிலேயே பதிந்தது.

இப்போது அங்கே ஏழு துளை ஹப். எதையும் பிடுங்குவதில்லை, யாரையும் நாளைக்கு வரச் சொல்வதுமில்லை. ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கினால், கண்ணாடியில் அந்தத் தழும்புத் தடம் இருக்கிறது. துடைத்துவிட்டுத்தான் வரிசையைக் கூப்பிடுகிறாள்.

முதல் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காருவதில்லை.

கோடையிலும் அது நனைந்தே இருக்கிறது.