பாகீரதியிடம் மிஞ்சிய சொல்

சிர்சி பக்கத்துப் பாக்குத் தோட்டத்து வீட்டில், அன்று தோசைக்கல் காய்வதற்கு முன்னாலேயே நாகவேணிக்குத் திருடிப் பட்டம் சூட்டியாகிவிட்டது.

"கள்ளி!" என்றாள் கூடத்துக் கட்டிலில் கிடந்த மாமியார் பாகீரதி.

முந்தின ராத்திரி, அம்மா தூங்கின பிறகுதான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய மகள் மாலினி, காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

"கேட்டியா சித்தி? அம்மா வாய் திறந்து சொல்றா! அண்ணி, அம்மா கையில இருந்த வளையல் எங்கே?"

"கை வீங்கிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில கழட்டினது. பீரோவுல இருக்கு."

"சாவி?"

"என் இடுப்புல."

"இடுப்புலயாம்!" என்று மாலினிக்குத் துணையாகக் கூட வந்திருந்த கோதாவரிச் சித்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நாகவேணி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலைப் பார்த்தாள். போன மழைக்காலத்தில், பாலை மடியிலேயே ஒளித்துக்கொண்ட பசுவை "கள்ளி!" என்று வைதபடியே தொழுவத்தில் சரிந்தவள் பாகீரதி. வலப்பக்கம் போனது, பேச்சும் போனது, அந்த ஒரு சொல் மட்டும் போகவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கள்ளி, வேண்டாமென்றாலும் கள்ளி. சாமி படத்துக்கும் அதே அர்ச்சனைதான். "இனிமே எதைச் சொல்ல நினைச்சாலும் இதுதான் வரும்" என்று டாக்டர் சொன்னபோது, நாகவேணியின் கணவர் சுப்ராய ஹெக்டே பக்கத்திலேயே நின்று தலையாட்டினார்.

அந்த சுப்ராய ஹெக்டே இப்போது பேப்பரில் பாக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் முந்தாநாளையது. தங்கை வந்தால் அவருக்கும் பேச்சு போய்விடும். அந்த நோய்க்கு டாக்டர் பெயர் சொல்லவில்லை.

"ஏங்க... நீங்களாவது சொல்லுங்களேன்!"

"காலங்காத்தால எதுக்கு வேணி சண்டை... சாவியக் கொடுத்துடேன்."

நாகவேணி இடுப்பிலிருந்து சாவியை உருவி மாலினியின் ஒரு கையில் வைத்தாள். மறு கையில் கிண்ணத்தைத் திணித்தாள்.

"நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டுக் கஞ்சியும் நீயே கொடு, துணியும் நீயே மாத்து. திருடி இத்தனை நாள் தொட்டது போதும், மக தொடட்டும்! சாய்ச்சு உக்கார வச்சுக் கொடு. படுக்க வச்சு ஊத்தினா புரையேறும்."

வளையல்கள் பீரோவில் பத்திரமாக இருந்தன. மாலினி பீரோவைப் பூட்டிவிட்டு கட்டிலருகே போய் முதல் கரண்டியை நீட்டினாள். பாகீரதியின் இடது கை ஒரு தட்டுத் தட்ட, கஞ்சி முழுக்க மாலினியின் பட்டுப்புடவையில்.

"கள்ளி!"

"அம்மா, நான் மாலினிம்மா...!"

"கள்ளி!"

சமாதானம் செய்ய வந்த சித்திக்கும் ஒரு கள்ளி கிடைத்தது. சத்தம் கேட்டுப் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்த மகனுக்கும் கிடைத்தது.

"நான் ஆம்பளைம்மா" என்றார் சுப்ராய ஹெக்டே, தன்னையறியாமல்.

மாலினி மெல்லத் திரும்பினாள். "அண்ணா... அம்மா எல்லாரையும் இப்படித்தான் சொல்றாளா? உனக்குத் தெரியுமா?"

"அது... டாக்டர் அப்பவே..."

"தெரிஞ்சுமா சும்மா உக்காந்திருந்தே!"

அவள் சமையலறைக்கு ஓடி நாகவேணியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "என் வாய் அழுகிப் போகட்டும் அண்ணி!"

"வாய் ஏன் அழுகணும்? போன்ல ஒரு தடவையாவது அம்மா என்ன பேசறான்னு கேட்டிருந்தா போதும்." கைகளை உருவிக்கொண்டாள். "ஒரு தடவை மாலினி... ஒரே ஒரு தடவை!"

இருவரும் அழுதார்கள். நாகவேணியின் கை மாலினியின் முதுகில் விழுந்தது. அடியா அணைப்பா என்று இருவருக்குமே தெரியவில்லை.

வாசற்படியில் நிழலாடியது. "மன்னிச்சுடு வேணி" என்று சுப்ராய ஹெக்டே கிசுகிசுத்தார்.

நாகவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திருடிப் பட்டம் கூடத்துல கட்டினீங்க. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா? கூடத்துக்கு வாங்க."

போனார். சித்தியின் முன்னால் நின்று, தன் கால் விரல்களிடம் ஏதோ சொன்னார்.

"என்னடா முணுமுணுக்கறே?" என்றாள் சித்தி.

"கேக்கலையாம்" என்றாள் நாகவேணி. "சத்தமா."

"வேணி எதையும் எடுக்கல! எனக்குத் தெரியும்! தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன்!" தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நாகவேணி கிண்ணத்தில் புதிதாகக் கஞ்சி ஊற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். "சின்னக் கரண்டி. தொண்டையில இறங்கறதைப் பாத்துட்டு அடுத்தது."

பிறகு தனக்கென்று ஒரு தோசை வார்த்துக்கொண்டு வந்து, கூடத்தில் எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிட்டாள்.