தாகத்தம்மாவின் போல்ட்டு

டக்... டக்-டக்... டக்.

அந்தச் சத்தம் இஞ்சினின் தாளத்தோடு ஒட்டவில்லை. பழைய டவுன் பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து லவுத்தாரோ தன் கையாலேயே வீடாக்கிய வண்டி அது. அதன் ஒவ்வொரு முனகலும் அவனுக்கு அத்துப்படி. இது புதுசு. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த இஞ்சின் மூடிக்கு அடியிலிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டிக் கூப்பிடுவது போல இருந்தது.

சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதும் வண்டியை ஓரங்கட்டினான். பகல் மூன்று மணி. சான் ஹுவான் பொட்டலில் முள்செடியையும் வெளுத்த மண்ணையும் தவிர எதுவும் இல்லை. மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ஆல்டர்னேட்டரைப் பிடித்திருந்த போல்ட்டு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பிடிப்பு விட்ட ஆல்டர்னேட்டர் ஆடி ஆடி இரும்பில் இடித்ததுதான் சத்தம். பெல்ட் தொய்ந்து, தண்ணீர் பம்ப் சுற்றாமல், ரேடியேட்டர் கொதித்துக் காலியாகியிருந்தது.

"என்ன குண்டா, என் சக்களத்தி படுத்துட்டாளா?" கட்டிலை மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து அயெலேன் கேட்டாள். ஒல்லிக்குச்சிப் புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் மார்பில் நாற்பது நாள் குழந்தை புருனோ. பிள்ளையை அவள் அம்மாவிடம் காட்டப் போகிற பயணம் இது.

"ஒரு போல்ட்டு போச்சு, அவ்வளவுதான். ராத்திரி உங்கம்மா கைச் சோறுதான்."

மாற்று போல்ட்டு இல்லை. ஆனால் சற்றுப் பின்னால்தான் தாகத்தம்மா கோயில். புருஷனைத் தேடி நடந்து, இந்தப் பொட்டலில் நா வறண்டு செத்தவள். செத்த பிறகும் கைக்குழந்தை அவளிடம் பால் குடித்துப் பிழைத்ததாம். கடக்கிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள், தண்ணீர் பாட்டில் வைப்பார்கள். பத்திரமாக ஊர் சேர்ந்த லாரிக்காரர்கள் வண்டியின் பாகம் ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். குழந்தை தூங்குகிறதே என்று லவுத்தாரோ இன்று ஹார்ன் அடிக்கவில்லை.

"அங்கேருந்து எடுக்காத. அது அவளுக்குக் குடுத்தது" என்றாள் அயெலேன், அவன் அந்தப் பக்கம் திரும்பியதும்.

"அவ செத்து எத்தனையோ காலமாச்சு. குடிக்கவா போறா?"

"வேற வண்டி வரட்டுமே."

"இந்த வெயில்ல, பிள்ளையை வெச்சுக்கிட்டா?"

லவுத்தாரோ இறங்கிக் கோயிலுக்கு நடந்தான்.

துருப்பிடித்த பிஸ்டன்கள், நம்பர் தகடுகள், கிழிந்த பெல்ட்டுகள். குவியலின் உச்சியில் ஒரே ஒரு போல்ட்டு, துருவே இல்லாமல். சரியான அளவு. ரேடியேட்டருக்காக எட்டு பாட்டில் தண்ணீரையும் அள்ளிக்கொண்டான். மார்பில் குழந்தையோடு மல்லாந்து படுத்திருந்த அவளுடைய மண்பொம்மையின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அந்த வெயிலிலும் போல்ட்டு கையில் ஜில்லென்று இருந்தது.

கச்சிதமாகப் பொருந்தியது. பெல்ட்டை இழுத்து ஸ்பேனரால் முறுக்கி, ரேடியேட்டரை நிரப்பி, கிளப்பினான். இஞ்சின் இதுவரை இவ்வளவு அமைதியாக ஓடியதே இல்லை. அந்த அமைதியில்தான் பின்னாலிருந்து பிள்ளை பால் குடிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. சப். சப்.

"குண்டா, தண்ணி குடேன்."

பாட்டிலை நீட்டினான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும், "தண்ணி." குடிக்க வைத்திருந்த கேனையே பின்னால் தள்ளிவிட்டான். இருபது லிட்டர். மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை. பிறகு காலிக் கேன் உருண்டது.

"தண்ணி..." குரல் உமி உரசுவது போல இருந்தது.

"விளையாடாத, அயெலேன்."

"இவன் விடமாட்டேங்குறான்..."

வண்டியைத் திருப்பினான். ஹார்னை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினான். கோயில் வந்தது. மூடியைத் திறந்து போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். அசையவில்லை. முழு பலத்தோடு இழுத்தான். ஸ்பேனர் வழுக்கி விரல் கிழிந்தது. போல்ட்டின் தலை இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது, தோலில் முளைத்த மரு போல.

"எடுத்துடறேன் தாயே... திருப்பிக் குடுத்துடறேன்..."

போல்ட்டின் ஓரத்தில் ஏதோ கசிந்தது. தொட்டான்.

வெள்ளை. வெதுவெதுப்பு.

பால்.

"அயெலேன்?"

சப். சப்.

"அயெலேன்!"

திரையை விலக்கினான்.

கட்டிலில் அவள் மல்லாந்து கிடந்தாள். பல வருட வெயிலில் காய்ந்தவளாக. எலும்பில் ஒட்டிய தோல். வெடித்த உதடுகள். வானத்தைத் தேடுவது போலத் திறந்த வாய். ஒரு மார்பு மட்டும் திரண்டு, ஈரமாக.

புருனோவின் கன்னங்கள் உப்பியிருந்தன. அவன் வாயை எடுத்து, பால் வழிய, அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு மறுபடி முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சப்.

சப்.