கை உள்ளே

பதினொன்றரை மணிக்கு வந்த தூள் மாதிரியில் கிராம்பு வாசனை அடித்தது.

சுண்ணாம்புக்கல் தூளுக்கு வாசனை கிடையாது. ஆறு வருடமாக அதைத் தொட்டு, சலித்து, நிறுத்துப் பார்க்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆலையில் அவனுக்குத் தராசு என்று பெயர். அவன் நிறுத்தால் ஒரு பொட்டுத் தூள்கூட ஏறாது இறங்காது என்பதால் வந்த பெயர். தராசு புட்டியை மூக்கருகே கொண்டுபோனான். கிராம்புதான். வாயில் அடக்கி வைத்து, மென்று முடித்த கிராம்பு. புட்டியை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அப்புறம் பதிவேட்டைத் திறந்து எழுதினான்: நிறம், வெள்ளை. ஈரம், இல்லை. வாசனைக்கென்று அதில் கட்டம் இல்லாதது நிம்மதியாக இருந்தது.

கிராம்பை அடக்குகிறவர் அந்த ஆலையில் ஒருவர்தான் இருந்தார். அக்காவின் கணவர், ஃபிட்டர் மாமா. தூசிக்குத் தொண்டை கட்டாமல் இருக்க எந்நேரமும் கன்னத்தில் ஒன்று கிடக்கும். அவர் இறந்து இன்றோடு தொண்ணூறு நாள்.

ஆய்வகத்துக்கு மேலே, மூன்றாவது மாடிக் கூண்டில், பெல்ட்டில் வரும் தூள் அருவி மாதிரி ஒரு தொட்டிக்குள் விழும். அரை மணிக்கு ஒரு தடவை ஓர் இரும்புக் கை அந்த அருவிக்குக் குறுக்கே வீசிப் போகும். நுனியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிண்ணம். கிண்ணம் அள்ளியதைக் குழாயில் கவிழ்க்க, குழாய் இரண்டு மாடியைத் துளைத்து இறங்கி, தராசின் மேசைமேல் இருக்கும் புட்டியில் கொட்டும். யாரும் தொட வேண்டாம், யாரும் ஏற வேண்டாம். வந்ததை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் சோதிப்பான். மறு பாதியைப் புட்டியில் அடைத்து, நாளும் மணியும் எழுதி, அலமாரியில் தொண்ணூறு நாள் வைப்பான். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் எடுத்துப் பார்க்க. அந்தப் பாதிக்கு ஆலையில் ‘சாட்சி’ என்று பெயர்.

கிண்ணத்தில் தூள் இறுகிவிட்டால் ஃபிட்டர் மாமா மேலே போய்ச் சுரண்டிவிட வேண்டும். இரும்புக் கைக்கான சுவிட்ச் ஆய்வகத்துச் சுவரில் இருந்தது. அதைப் பூட்டி வைக்கும் பூட்டு தொலைந்து ஒரு வருடம் ஆகிறது. புதுப் பூட்டு கேட்டு எழுதிய காகிதம் எந்த மேசையிலோ தூங்கியது. அதனால் மாமாவும் அவனும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். மாமா குழாயில் வாய் வைத்து, “கை உள்ளே!” என்பார். இவன் திருப்பி, “கை உள்ளே!” என்று சொல்லி சுவிட்சை அணைப்பான். வேலை முடிந்ததும், “கை வெளியே!” இவனும் அதையே சொல்லிவிட்டுப் போடுவான். பூட்டைவிட வாய் நம்பகமானது என்று மாமா சொல்வார்.

தொண்ணூறு நாளுக்கு முன்னால், நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கையில், “கை உள்ளே!” வந்தது. தராசு அணைத்தான். நாலு ஆனது. “கை வெளியே” வரவில்லை. ஆறு வருடத்தில் அவன் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். மாமா முடித்துவிட்டு, சொல்ல மறந்து, டீ குடிக்கப் போயிருப்பார் என்று தராசு நினைத்தான். நினைத்தானா, நினைத்ததாக அப்புறம் சொல்லிக்கொண்டானா, அது அவனுக்கே தெரியவில்லை. சுவிட்சைப் போட்டான்.

குழாயில் ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே மாதிரியும் வந்தது.

பழக்கம் பொல்லாதது. அதையும் அவன் இரண்டாகப் பிரித்தான். நிறம் என்ற கட்டத்தில் ‘வெள்ளை’ என்று எழுதினான். அது வெள்ளையாக இல்லை.

விசாரணையில் அவன் சொன்னது ஒரே வாக்கியம்: “எனக்கு எதுவும் கேக்கல.” இரும்புக் கை இழுத்து ஃபிட்டர் இறந்ததற்கு, குரல் கொடுக்காமல் உள்ளே கைவிட்ட அவருடைய கவனக்குறைவே காரணம் என்று முடிவானது. அந்தச் சாட்சிப் புட்டியை மற்றவற்றுக்குப் பின்னால், லேபிள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தான். நாள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். இன்று காலை பதினொரு மணிக்குத்தான் அதைக் கை கழுவும் தொட்டியில் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவினான்.

பதினொன்றரைக்குக் கிராம்பு வாசனை வந்தது.

பன்னிரண்டு மணி மாதிரி லேசாக ஈரமாக இருந்தது. பன்னிரண்டரைக்கு இன்னும் கொஞ்சம். ஒரு மணிக்கு, தூள் கையில் பிடித்தால் கட்டியாக ஒட்டியது. விரல்களின் பதிவு அதில் நின்றது. தன் விரல்களா என்று ஒட்டிவைத்துப் பார்த்தான். அவன் விரல்கள் மெலிந்தவை. பதிவு தடிமனாக இருந்தது.

தரக் கட்டுப்பாட்டு அதிகாரி எட்டிப் பார்த்தார். நெட்டையான ஆள், நேரம் தவறாதவர். மணிக்கூண்டு என்று அவருக்குப் பின்னால் சொல்வார்கள், அவருக்கும் தெரியும்.

“என்ன தராசு, மூஞ்சி வெள்ளையா இருக்கு? பவுடர் போட்டியா, இல்ல நம்ம சரக்கா?”

“தூள்ல ஈரம் சார்.”

“வெளிய மழை ஊத்துதுல்ல, கூரை ஒழுகும். எழுதிக்கோ.” போகப் போனவர் திரும்பினார். “உங்கக்கா நாலு மணிக்கு வர்றாங்க. அந்த ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து. அதோட முடிஞ்சுது. நீயும் கொஞ்சம் தூங்குவே.”

இரண்டு மணிக்கு அக்காவே போனில் வந்தாள்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு.”

“சொல்லுக்கா.”

“அவரு குளிக்கப் போனாக்கூட ‘நான் குளிக்கப் போறேன்’னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திட்டுப் போற ஆளு. குரல் குடுக்காம உள்ள கை விட்டாருன்னு எழுதியிருக்காங்க. நான் அதுல கையெழுத்துப் போடணும். பெரியவன் படிச்சுப் பார்த்தா, அப்பா அஜாக்கிரதையால செத்தாருன்னுதானே இருக்கும்? நெசமாவே உனக்குக் கேக்கலையா?”

குழாயின் வாய் அவனுக்கு எதிரே இருந்தது. அதன் கருப்பு வட்டத்திலிருந்து மெல்லிய காற்று வந்தது. நின்றது. வந்தது. யாரோ வாயை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிற மாதிரி.

“கேக்கலக்கா,” என்றான்.

குழாயில் டங்கென்று ஒரு தட்டு விழுந்தது. மாமா தன் கல்யாண மோதிர விரலால் இரும்பைத் தட்டும்போது அப்படித்தான் கேட்கும்.

மாமாவைப் பற்றி வீட்டில் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் அவருடைய டீயில் தராசு உப்பைப் போட்டுவிட்டான். மாமா முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து, விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு மத்தியானம், தானே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். ஒரே உப்பு. இவன் துப்பியபோது எதிரே உட்கார்ந்து சாவகாசமாகச் சிரித்தார். “மறந்துட்டேன்னு நெனச்சியா மாப்ள?”

அந்தக் கதைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கே அவன் கொஞ்சம் பயந்தான்.

மூன்றரை மணி மாதிரி வரவில்லை. மேலே கை வீசிய சத்தம் கேட்டது. புட்டி காலியாகவே இருந்தது. மணிக்கூண்டு வந்து பார்த்தார்.

“அடைச்சுக்கிச்சு. புது ஃபிட்டர் லீவு. நீதான் போய்ச் சுரண்டிட்டு வா.”

“நானா சார்?”

“பின்ன, நானா? என் உயரத்துக்கு அந்தக் கூண்டுல முட்டிப்பேன். நான் இங்கயே நிக்கிறேன். சுவிட்ச அணைச்சாச்சு, பாரு. நாலு மணிக்குள்ள வா, கட்டம் காலியா இருந்தா மேல கேப்பாங்க.”

கட்டம் காலியாக இருக்கும் என்ற சொல்தான் அவனைப் படியேற வைத்தது. வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டும். இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது.

மூன்றாவது மாடியில் பகல் இல்லை. ஒரே ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல், அதிலும் தூசி படிந்து, மழை வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் போலக் கசிந்தது. பெல்ட் தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டே இருக்க, அருவியை மூடிய இரும்புப் பெட்டிக்குள் தூள் ஓயாமல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று விழுந்தது. கைப்பிடி, விளக்கு, தரை எல்லாம் ஒரே வெள்ளையில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன, அந்த வெள்ளையில் படியிலிருந்து பெட்டிக் கதவுவரை ஒரு ஜோடிச் செருப்பின் தடம் போயிருந்தது. போனது மட்டும்தான். திரும்பவில்லை.

புது ஃபிட்டருடையதாக இருக்கும், என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான்.

பெட்டிக் கதவைத் திறந்தான். குழாயின் மேல்வாயில் முகத்தை வைத்தான். ஆறு வருடம் கீழேயிருந்து கேட்ட வார்த்தையை முதல்முறையாக மேலேயிருந்து சொன்னான்.

“கை உள்ளே!”

முகத்தைத் திருப்பிக் காதைக் குழாயில் வைத்தான்.

“கை உள்ளே,” என்று பதில் வந்தது. கரகரப்பாக. குழாய் எல்லாக் குரலையும் கரகரப்பாக்கும்.

வலது கையை முழங்கைவரை விட்டான். கிண்ணம் கிடைத்தது. அதில் இறுகிப் போயிருந்த தூள் ஈரமாக, மாவு பிசைந்த மாதிரி இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. சுரண்டினான். உள்ளே ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. வட்டமாக. மோதிரம்.

கையை இழுத்தான். வரவில்லை.

எதிலோ சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். நிதானம். அவன் முறையாக யோசிக்கிறவன். கீழே ஆள் இருக்கிறார். சுவிட்ச் அணைந்திருக்கிறது. இடது கையால் பக்கத்திலிருந்த ஜன்னலின் தூசியைத் துடைத்து, வெளிச்சம் வரட்டும் என்று பார்த்தான்.

கீழே முற்றத்தில் இரண்டு குடைகள். ஒன்றின் கீழ் அக்கா. மற்றதன் கீழ், அவளுக்கு நாற்காலி கொண்டுவரச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு, நெட்டையாக, மணிக்கூண்டு.

ஆய்வகத்தில் யாரும் இல்லை.

கிராம்பு வாசனை.

“கை உள்ளே!” என்று குழாயில் கத்தினான். “சார்! கை உள்ளே! யாராவது! கை உள்ளே!”

குழாய் மூச்சு விட்டது. பிறகு பேசியது. அது மாமாவின் குரல் இல்லை. விசாரணை அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துச் சொன்ன அவனுடைய குரல்.

“எனக்கு எதுவும் கேக்கல.”

இடது மணிக்கட்டில் கடிகாரம். மூன்று ஐம்பத்தெட்டு.

“மாமா,” என்றான். அழுதான். “கேட்டுச்சு மாமா. நீங்க குரல் குடுத்தீங்க. கை வெளியேன்னு நீங்க சொல்லவே இல்ல. நான்தான் போட்டேன். நான்தான்.”

உள்ளே பிடி கொஞ்சம் மாறியது. விரல்கள் அவன் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. இப்போது வந்தது மாமாவின் குரல். கோபமே இல்லை, டீ டம்ளரை நீட்டியபோது இருந்த அதே சாவகாசம்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றே மாப்ள? எனக்குத் தெரியாதா? அவகிட்ட சொல்லு.”

இடது முழங்கையால் ஜன்னலை இடித்தான். கண்ணாடி உடைந்தது. மழை முகத்தில் அடித்தது.

“அக்கா! அவரு குரல் குடுத்தாருக்கா! எனக்குக் கேட்டுச்சு! நான்தான் சுவிட்சப் போட்டேன்! கையெழுத்துப் போடாதே!”

பெல்ட் உறுமியது. கூரையில் மழை. தூள் விழுந்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். குடையைச் சாய்த்தாள். தம்பியை அடையாளம் கண்டு லேசாகச் சிரித்தாள்கூட. உள்ளங்கையைக் காதருகே குவித்தாள்.

“நான்தான்க்கா! நான்தான்!”

இல்லையென்று தலையை ஆட்டினாள். அவள் உதடுகள் அசைவது இங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது.

கேக்கல தம்பி.

இரண்டு மாடிக்குக் கீழே, ஆள் இல்லாத அறையில், சுவிட்ச் ‘டக்’ என்றது. குழாய் அதைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்தது.

நாலு மணி.

பெட்டிக்குள் மோட்டார் முனகித் திரும்பியது. தூள் அருவி நடுவே பிளந்தது. இரும்புக் கை நகர ஆரம்பித்தது. அதன் நுனியில், கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில், கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு, கண் இமைவரை வெள்ளையாக, ஒரு முகம் அவனை நோக்கி வந்தது. கீழே முற்றத்தில் அக்கா இன்னும் காதருகே கையைக் குவித்தபடி நின்றாள்.