பூட்டு வைக்காத நிரல்

உங்கள் தோள் எப்போது ஓய வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீங்களா? அப்படியானால் நீங்கள் வடகடல் மிதவைத் துறைமுகத்தில் வேலை பார்த்ததில்லை.

அலையின் ஆட்டத்தில் அங்கே கிரேன் நிற்காது. மனிதர்கள்தான் தோள்கூடு மாட்டிக்கொண்டு சரக்குப் பெட்டிகளைத் தூக்கினார்கள். இரும்பு எலும்பும் மோட்டார் தசையும் கொண்ட சட்டை அது. அரை டன் பெட்டிகூட உள்ளே இருப்பவருக்குத் தலையணை போலத்தான் தெரியும். ஆபத்தும் அதுதான். வலி தெரியாமலே மூட்டு தேய்ந்துகொண்டிருக்கும். தெரிய வரும்போது தேய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

தூத்துக்குடியிலிருந்து சுமை தூக்க வந்த பேச்சித்தாய் அதற்காகக் கூட்டை இயக்கும் நிரலில் ஒரு திருத்தம் எழுதினாள். இரண்டு மணி நேரம் சுமை தூக்கினால் கூடு தானாக உட்கார்ந்துவிடும். பத்து நிமிடம் கழித்துத்தான் எழும். தோள்கூட்டின் நிரல் திறந்த நிரல். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதைச் சேர்க்கும் சாவி, கரையில் கம்பெனி நடத்திய மூலக்கிடங்கில் ஒரே ஒருவரிடம் இருந்தது. காலைதோறும் எல்லாக் கூடுகளும் அந்தக் கிடங்கிலிருந்துதான் அன்றைய நிரலை இறக்கிக்கொள்ளும். பழைய சாவிக்காரர் அவள் திருத்தத்தைச் சேர்த்தார். புதிதாக வந்தவர் அதை எடுத்துவிட்டு, ‘தேவையற்றது’ என்று குறிப்பு எழுதினார்.

அடுத்த மாதம் சேசடிமைக்கு வலது தோளில் தசைநார் கிழிந்தது. சுமைக்காரர்களில் மூத்தவர் அவர்.

"தேவையத்ததுன்னு எழுதினானே, எதச் சொல்லுதான்? உன் நிரலையா, என் தோளையா?" என்று கட்டுப்போட்ட கையோடு கேட்டார்.

"ரெண்டையுந்தான் அண்ணாச்சி. நாம படிக்கலாமாம், எழுதலாமாம், சேக்க மட்டும் கூடாதாம். மிட்டாய்க் கடைக் கண்ணாடி மாதிரி வெளியே நின்னு பாத்துக்கிட்டே இருக்கணுமாக்கும்."

"நல்ல சாவிக்காரனாப் போடச் சொல்லி மனு குடுப்போம்."

"சாவியே வேண்டாம். கிடங்கே வேண்டாம்."

அவள் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு கூடும் நிரலின் முழுநகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். முதல் வரி எழுதிய நாளிலிருந்து நடந்த எல்லாத் திருத்தங்களும் அந்த நகலில் இருக்கும். இரண்டு கூடுகள் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தால் ஒன்றின் திருத்தம் மற்றதற்குப் போகும், வாங்குகிறவர் சம்மதித்தால் மட்டும். எந்த நகலும் மற்றதற்கு மேல் இல்லை. ஒரு கூடு கடலில் விழுந்தாலும் மற்றவற்றில் எல்லாம் பிழைத்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உணவுக்கூடத்தில் கை மாற்றிக் கை எல்லோரும் உட்காரும் திருத்தத்தோடு நகலெடுத்தார்கள். மேற்பார்வையாளர் தணிகாசலம் மூச்சிரைக்க வந்தார்.

"என்னம்மா இது? இப்படிப் பண்ணா கிடங்கையே இழுத்துப் பூட்டிடுவோம்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"பூட்டட்டும் சார். பூட்டு வாங்கத் துட்டு இல்லைன்னா சொல்லுங்க, நாங்க வசூல் பண்ணித் தாரோம்."

கூடம் சிரித்தது. கிடங்கு மூடப்பட்டது. துறைமுகம் எப்போதும்போல் நடந்தது. எட்டு மணிக்குத் தொடங்கும் வேலையில் பத்து மணியானால் எல்லாக் கூடுகளும் உட்கார்ந்தன. கம்பெனிக்காரர்கள் மேல்தளத்தில் நின்று பார்த்தார்கள். தடுக்க அவர்களிடம் ஒரு பொத்தான்கூட இல்லை.

சேசடிமைக்கு மட்டும் நிம்மதியில்லை. "ஏ பேச்சி, அந்த உக்காருத திருத்தத்த யாரும் எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு போட்டுரு. நம்ம பயலுவள எனக்குத் தெரியும்."

"மாட்டேன்."

"ஏம்ட்டி?"

"சாவி யாருட்ட இருக்கும்? என்கிட்ட. கரையில இருந்த கிடங்கு என் இடுப்புக்கு வந்துரும். அதுக்கா இவ்வளவு சண்ட போட்டோம்?"

குளிர்காலம் வந்தது. சேசடிமை வேலைக்குத் திரும்பியிருந்தார். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும் குளிர். ஒரு மாலை தணிகாசலம் தானும் ஒரு தோள்கூடு மாட்டிக்கொண்டு உணவுக்கூடத்துக்கு வந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"நானும் இப்ப உங்கள்ல ஒருத்தன்தான். எங்க திருத்தம் ஒண்ணு இருக்கு. பிடிச்சா வாங்கிக்குங்க, இல்லன்னா விடுங்க. கட்டாயம் கிடையாது."

அந்தத் திருத்தம் மோட்டார்களின் சூட்டைத் தோளுக்கும் விரலுக்கும் திருப்பிவிட்டது. மோட்டார் நின்றால் சூடும் நிற்கும். அதனால் கூடு உட்காரவே உட்காராது. இதையும் கம்பெனி மறைக்கவில்லை. குறிப்பிலேயே தெளிவாக எழுதியிருந்தது. பேச்சித்தாய் அதைத் தன் நகலில் வாங்கி, சூட்டை மட்டும் பிரித்தெடுக்க அங்கேயே உட்கார்ந்து முயன்றாள். முடியவில்லை. ஓடாத மோட்டாரிலிருந்து எந்த நிரலும் சூட்டைக் கொண்டுவராது. அதைத் தன் நகலிலிருந்து நீக்கினாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தபோது தணிகாசலத்தின் முன்னால் வரிசை நின்றது. வரிசையின் தலையில் சேசடிமை.

"அண்ணாச்சி, நீங்களுமா?"

"குளிர்ல தோள் குத்தி எடுக்குது தாயி. நீ உக்கார வைக்குத பத்து நிமிசமும் எனக்கு உறைஞ்சுல்லா போவுது. இது நாள் முழுக்க ஒத்தடம் குடுக்குமாம்."

"ஒத்தடமா? உங்க மூட்ட அரைக்குத சூடு அது!"

"தெரியும். சம்மதம் கேக்கணும்னு நீதானே எழுதின? கேட்டாவ. சரின்னேன்."

அவர் கையை நீட்டினார். தணிகாசலம் அவர் தலைக்கு மேலாகப் பேச்சித்தாயைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பவாவது ஒரு பூட்டு போடலாமேம்மா? எங்க சாவிக்காரர் சும்மாதான் இருக்கார். சொல்லிக் குடுப்பார்."

கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பேச்சித்தாய் தன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"பாவம், அவருக்கு வேற வேல பாத்துக் குடுங்க சார். இங்க பூட்டு கிடையாது. உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது." பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "உக்காருத திருத்தம் வேணும்கிறவங்க வாங்க. என் கை இங்கதான் இருக்கு."

எதிர்மேசையில் அமர்ந்து உள்ளங்கையை விரித்து வைத்தாள். தட்டுகளைக் கழுவி அடுக்கும்வரை அப்படியே வைத்திருந்தாள். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பேச்சித்தாயின் கூடு நடைமேடையின் நடுவில் உட்கார்ந்தது. மற்ற கூடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின.