டாக்டர் வீட்டுக் கூறு

விடியற்காலையில் செத்த ஆடு, பகல் மூன்று மணியாகியும் விறைக்கவில்லை.

கால்நடை டாக்டர் சென்னிமலை அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். தூங்கும் குழந்தையின் கையைப் போல அது மடங்கிக் கொடுத்தது. அந்தப் பரிசோதனை அறையில் பார்மலின் நெடியும், நனைந்த கம்பளியின் வாடையும், அதற்கும் அடியில் தித்திப்பாக இன்னொரு வாசனையும் இருந்தன. குழாய் சொட்டுவதுபோல் மேசைக்குக் கீழே சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் குழாய் மூடித்தான் கிடந்தது. குனிந்து பார்த்தார். ஆட்டின் ரத்தம். வயிற்றைக் கீறி முக்கால் மணி நேரமாகிறது, இந்நேரம் கட்டிதட்டியிருக்க வேண்டும். அது கறுப்பாக, தண்ணீராக, விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பதினோரு வருஷ ஆராய்ச்சி. மல்லசமுத்திரம் பக்கத்து மேட்டங்காடுகளில் முதல் மழை பெய்ததும் ஆடுகள் நின்ற நிலையில் விழுந்து சாகும். அறுத்த சோளக்கட்டையில் துளிர்க்கும் குருத்தைத் தின்றதால் ஏறிய விஷம் என்பது அவர் கட்சி. எழுபத்தெட்டாம் வருஷம் இது, டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடு முக்கால்வாசி தட்டச்சாகிவிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், சென்னிமலைக்குச் செத்ததெல்லாம் சோளக்குருத்து. ஒவ்வொரு முறையும் அவர் போவதற்குள் ஆட்டை அறுத்துப் பங்கு போட்டிருப்பார்கள். இன்றைக்குத்தான் முதன்முதலாக முழு ஆடு, ஆட்டுக்காரர் சின்னண்ணன் சாக்கில் கட்டி பஸ் கூரையில் போட்டு நாமக்கல்லுக்குக் கொண்டுவந்திருந்தார்.

திடீரென்று செத்த எதையும், காதைக் கீறி ஒரு சொட்டு ரத்தம் பார்க்காமல் அறுக்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குத் தொண்டை வறளச் சொன்னவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்! இரைப்பையைப் பார்க்கும் ஆசையில் நேரே வயிற்றில் கத்தி வைத்துவிட்டார்.

இப்போது காதைக் கீறினார். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, ஜன்னலோரத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நீலக் குச்சிகள். முனை வெட்டிய மூங்கில் துண்டுகளைக் கோத்தது போல, வரிசை வரிசையாக, எண்ண முடியாமல்.

அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ். ஆட்டைக் கொன்று, அறுத்தவனையும் தின்றவனையும் கொல்லும் அடைப்பான்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சின்னண்ணனிடம் ஓடினார்.

"மத்த ஆடுக?"

"நேத்து நாலு உழுந்துதுங்க. உசுரு போறதுக்குள்ள அறுத்துக் கூறு போட்டுட்டமுங்க. நீங்க சொன்னாப்பல இரைப்பைய மட்டும் பொதச்சுப்போட்டு."

நீங்க சொன்னாப்பல. ஆமாம், அவர்தான் சொன்னார். விஷம் இரைப்பையோடு சரி, கறிக்கு ஒன்றுமில்லை என்று ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

"உங்க ஊட்டுக்கும் ஒரு கூறு குடுத்துப்போட்டுத்தானுங்க வந்தேன். பாப்பா ஓடியாந்து வாங்கிக்கிச்சு."

ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குப் பின்னால்தான் குடியிருப்பு, நடந்தால் ஐந்து நிமிஷம். சென்னிமலை ஓடினார். ரப்பர் கையுறையைக் கழற்றவும் தோன்றவில்லை. மழைமேகம் இருட்டிக்கொண்டு நின்றது. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. பாதி வழியில் கறி வேகும் மணம் வந்தது. மல்லி, மிளகாய், தேங்காய். கடவுளே, கடவுளே. பெற்ற பிள்ளைக்கு விஷத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கால் இடறியது. எழுந்தார். ஓடினார்.

அடுப்படியில் வசந்தாமணி ஊதாங்குழலோடு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, நேரத்திலயே வந்துட்டீங்க? அதென்னுங்க கையெல்லாம் ரத்தம்?"

"தின்னீங்களா?"

"இன்னும் வேகவே இல்லீங்களே. ராத்திரிச் சோத்துக்குத்தான்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்தது. தின்னவில்லை. யாரும் தின்னவில்லை.

"பாப்பாவுக்கு மட்டும் சுவரொட்டியத் தணல்ல வாட்டிக் குடுத்தேன். வெளுத்துக் கெடக்கறா, ரத்தம் ஊறட்டும்னு சின்னண்ணன் நாலு ஆட்டோடதையும் நமக்கே போட்டு உட்டிருந்தாரு."

மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்பார்கள். அடைப்பான் வந்த ஆட்டில் நோய் முழுதும் போய்த் தேங்கும் இடம் அது. தணலில் வாட்டினால் தோல் கருகும். உள்ளே பச்சையாகவே இருக்கும்.

"எங்கே அவ?"

"பொறவடையில."

புறக்கடைக் கதவைத் தள்ளினார்.

துவைகல்லின்மேல் ராசாத்தி உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. மடியில் ஒரு தட்டு. அவளுக்கு முன்னால், பந்தியில் உட்கார்ந்தது போல, குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும். எல்லோர் உதட்டிலும் கருஞ்சிவப்பு.

கத்தினார்.

"இருங்கப்பா" என்றாள் ராசாத்தி விரலை நக்கிக்கொண்டு. "எல்லாத்துக்கும் ரெண்டாவது வாய் குடுத்துட்டு வாரேன்."

வரிசையின் கடைசியில், அக்காள் இடுப்பில் இருந்த கைக்குழந்தை, பல் முளைக்காத வாயை ஆவென்று திறந்தது. ராசாத்தி ஊட்டினாள். அது அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுங்கியது.